மூழ்குவோர் கடிகாரமும் அதன் பழைய உறுப்புகளும்

கடலுக்குள் இறங்குகிறவன் தன் கையிலேயே காலத்தைக் கட்டிக்கொண்டு போகவேண்டிய தேவை மிகவும் பிற்காலத்தில்தான் ஏற்பட்டது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவனுக்கு அடக்கிய மூச்சே கால அளவாக இருந்தது. அவனை மேலே இழுப்பதற்குத் தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசமும் ஈயம் வைத்த காலணியும் அணிந்து இறங்கிய ஐரோப்பியனுக்கும், காற்றுக் குழாயின் மறுமுனையில், கப்பல் தளத்தின்மேல் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்ப்பது அவர்களுடைய பொறுப்பு. 1943-இல் பிரான்ஸ் தேசத்து ஜாக் குஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து, அழுத்தி அடைத்த காற்றை உருளையில் வைத்து முதுகில் சுமந்து செல்லும் அக்குவாலங் என்னும் சாதனத்தை உருவாக்கிய பிறகே, மனிதன் கயிறும் குழாயுமின்றி, மேலே காத்திருப்பார் எவருமின்றி, தன்னிச்சையாகக் கடலில் உலவத் தொடங்கினான். முதுகிலுள்ள காற்று இன்னும் எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பதையும், ஆழத்தில் கழித்த நிமிஷங்களுக்கு ஏற்ப, ஏறி வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் தங்கவேண்டும் என்பதையும் இனி அவனே கணக்கிட வேண்டியவனானான். தங்காமல் விரைந்து ஏறினாலோ, அழுத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் இரத்தத்தில் குமிழிகளாகப் பொங்கி, கை கால்களை முடக்கும், சில வேளைகளில் உயிரையே கொண்டுபோகும். ஆகவே நீருக்குள் நிற்காமல் ஓடுவதும், கலங்கிய இருளிலும் கண்ணுக்குத் தெரிவதும், இறங்கிய நேரத்தை மறவாமல் காட்டுவதுமான ஒரு கைக்கடிகாரம், அவனுக்கு ஆடம்பரமாக அன்றி, காற்று உருளைக்கு அடுத்த அவசியப் பொருளாக ஆயிற்று.

நீர் புகாத கடிகாரம் அதற்கு முன்னரே இல்லாமல் இல்லை. ரோலெக்ஸ் ஸ்தாபனத்தின் தலைவரான ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், பின்மூடியையும் பக்கத்துச் சாவியையும் திருகி இறுக்கும் ஆய்ஸ்டர் என்னும் கடிகாரத்தை 1926-இல் வெளியிட்டார். மறு வருஷம் அக்டோபர் மாதத்தில், ஆங்கிலக் கால்வாயைத் தாம் நீந்திக் கடந்தது மெய்யே என்பதை ஐயுற்றவர்களுக்கு நிரூபிப்பதற்காக மறுபடியும் அந்தக் குளிர்ந்த நீரில் இறங்கிய மெர்ஸிடஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அந்தக் கடிகாரம் ஒன்றைக் கழுத்தில் அணிந்திருந்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய பின் குளிர் தாளாமல் அவரைப் படகில் ஏற்றிக்கொள்ள நேர்ந்தது. கடிகாரமோ பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒமேகா ஸ்தாபனத்தார் 1932-இல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரட்டைக் கேஸ் உடைய மரீன் என்னும் கடிகாரத்தைச் செய்து, 1936-இல் அதனை ஜெனீவா ஏரியில் 73 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிச் சோதித்தார்கள். அதே காலத்தில், இத்தாலியக் கடற்படையின் இரகசிய நீர்மூழ்கு வீரர்களுக்காக, பிளாரன்ஸ் நகரத்துப் பனெராய் குடும்பத்தார் ரோலெக்ஸ் செய்து கொடுத்த கேஸ்களில், இரண்டு தகடுகளுக்கு இடையே ரேடியக் கலவையை நிரப்பிய டயல்களைப் பொருத்தினார்கள். 1941 டிசம்பரில், மூன்று நீர்வாகனங்களில் ஏறிய ஆறே பேராக அலெக்ஸாந்திரியத் துறைமுகத்துக்குள் புகுந்து, குவீன் எலிஸபெத், வேலியன்ட் என்னும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைத் தரைதட்ட வைத்தவர்கள் அந்தப் படையைச் சேர்ந்தவர்களே. ஆயினும் அந்தக் கடிகாரம் படைக்குள்ளேயே மறைந்து கிடந்தது. கழிந்த நிமிஷங்களைக் காட்டும் சுழல்வளையமும் அதில் இல்லை.

சுழல்வளையத்தோடு கூடிய மூழ்குவோர் கடிகாரத்தின் சரித்திரம் இரண்டு இடங்களில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்களிடம் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி. பிரான்ஸ் தேசத்துப் படையில் போர் நீச்சல் வீரர்களின் பிரிவை அமைக்கும் பொறுப்பை ஏற்ற ராபர்ட் மலூபியேரும் கிளோத் ரிஃபோவும், தங்கள் வீரர்களுக்குரிய கடிகாரம் எப்படி இருக்கவேண்டும் என்று தாமே வரைந்து வைத்திருந்தார்கள்: கறுத்த டயல், பெரிய எண்கள், முக்கோணமும் வட்டமும் சதுரமுமாக ஒளிரும் அடையாளங்கள், முட்களின் ஒளிக்கு இணையாக ஒளிரும் சுழல்வளையம். அதைச் செய்து தரும்படி அவர்கள் முதலில் தங்கள் தேசத்து லிப் ஸ்தாபனத்தை அணுகியபோது, அத்தகைய பெருங்கடிகாரத்துக்கு எதிர்காலம் இல்லை என்று அந்த ஸ்தாபனத்தார் மறுத்துவிட்டார்கள். மறுபுறம், ஸ்விட்ஸர்லாந்தில் பிளாங்பேன் ஸ்தாபனத்தை நடத்திவந்த ஷான்-ஷாக் ஃபீஷ்டர் என்னும் இளைஞர், கடலில் மூழ்குவதில் பெருவிருப்பம் கொண்டவர். பிரான்ஸின் தென்கரையில் ஒருமுறை நேரத்தை மறந்து ஆழத்தில் உலவியதால் காற்றுத் தீர்ந்து, அரும்பாடுபட்டு உயிர் தப்பியவர். தமக்கு நேர்ந்ததைத் தம் தொழிலறிவோடு பொருத்திப் பார்த்த அவர், படையினர் வந்து கேட்பதற்கு முன்னரே, அவர்கள் வரைந்து வைத்திருந்ததற்கு மிகவும் நெருங்கிய ஒரு கடிகாரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

1953-இல் அது ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்னும் பெயரோடு வெளிவந்தது; ஐம்பது பாகம், அதாவது ஏறக்குறைய 91 மீட்டர், அன்றைய காற்று உருளையோடு மனிதன் செல்லக்கூடிய எல்லை என்று கருதப்பட்டது. கடலில் இறங்கும்போது பத்து மீட்டருக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஃபீஷ்டர் செய்தவற்றின் அருமை விளங்கும். சாவி தவறுதலாக இழுக்கப்பட்டாலும் நீர் புகாதபடி அதன் தண்டில் இரண்டு ரப்பர் வளையங்களை வைத்தார். பின்மூடியைத் திருகும்போது அடியிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் பிசகுவதே அதுவரை நீர் புகுவதற்குப் பெருங்காரணமாக இருந்தது. அந்த ரப்பரைப் பள்ளத்தில் படுக்கவைத்து, அதன்மேல் ஓர் உலோகத் தட்டை வைத்து அழுத்தினார். சாவியை அடிக்கடி திருகுவதால் அந்த ரப்பர் வளையங்கள் தேய்ந்துபோகாமலிருக்கத் தானே முறுக்கேறும் யந்திரத்தைப் பொருத்தினார். சுழல்வளையத்தை அழுத்தினால் அன்றித் திரும்பாதபடி செய்தார். ஏனெனில், இறங்கும் வேளையில் நிமிஷ முள்ளுக்கு நேராக நிறுத்திய பூஜ்யக் குறி, பாறையில் உராய்ந்து சற்றே நகர்ந்துவிட்டாலும், அணிந்தவனுடைய கணக்கு முழுவதும் பொய்த்துப்போகும். பிற்காலத்தில் வளையம் ஒரே திசையில் மட்டும் திரும்பும்படி செய்யப்பட்டதும் இதே சிந்தனையின் வளர்ச்சிதான்: தவறு நேர்ந்தால் கழிந்த நேரம் அதிகமாகக் காட்டப்படலாமே தவிர, குறைவாகக் காட்டப்படக் கூடாது.

அதற்குப் பின் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1954-இல் பாஸல் நகரத்துக் கண்காட்சியில் ரோலெக்ஸ் தன் ஸப்மரீனரை அறிமுகம் செய்தது. ஒமேகாவின் ஸீமாஸ்டர் 300 வெளிவந்தது 1957-இல். அழுத்தம் மிகமிகக் கேஸ் தானே இறுகும் ஸூப்பர் கம்ப்ரெஸ்ஸர் என்னும் கேஸை ஈ.பி.எஸ்.ஏ. என்ற ஸ்தாபனம் செய்து, பல சிறு கம்பெனிகளுக்கு விற்றது. ஜப்பானில் ஸெய்கோ தன் முதல் மூழ்குவோர் கடிகாரத்தை 1965-இல் வெளியிட்டது. டோக்ஸா 1967-இல் நாரங்கி நிற டயலையும், அமெரிக்கக் கடற்படையின் அட்டவணை பொறித்த வளையத்தையும் கொண்டுவந்தது. எண்ணெய் எடுக்கும் பொருட்டு நாட்கணக்கில் அழுத்த அறைகளுக்குள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வாழ்ந்தவர்களின் கடிகாரங்களில், அந்த நுண்ணிய வாயு ரப்பரையும் கடந்து உட்புகுந்து, மேலே வரும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியைப் பெயர்த்தெறிந்தது. அதற்காக ரோலெக்ஸ் கேஸின் பக்கத்தில் ஒரு சிறு வால்வை வைத்தது; ஸெய்கோவோ, 1968-இல் கூரே நகரத்து மூழ்குநர் ஒருவர் எழுதிய முறையீட்டுக் கடிதத்துக்கு மறுமொழியாக, ஏழு வருஷங்கள் உழைத்து, வாயு உட்புகவே இடங்கொடாத டைட்டேனியக் கடிகாரத்தை 1975-இல் கொண்டுவந்தது. வால்வு வைத்தவர் வழியைக் காட்டிலும் வாயிலை அடைத்தவர் வழியே சிறந்ததென்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் சொன்னது ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருவதற்காகவே. மூழ்குவோர் கடிகாரம் தொடக்கத்திலிருந்தே, உறுப்புகள் தேயும், உடையும், அவற்றை மாற்றவேண்டும் என்ற ஒப்புதலோடு செய்யப்பட்ட கருவி. ரப்பர் வளையங்களுக்கு ஆயுள் சில வருஷங்களே. அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழும். பேக்கலைட் வளையம் தட்டினால் பிளந்துவிடும். அலுமினிய வளையம் உப்பிலும் வெயிலிலும் கறுப்பு நீங்கிச் சாம்பல் நிறமாகும். எல்லாவற்றையும்விட, இருளில் நேரம் காட்டும் ஒளிப்பூச்சு நாளடைவில் அவிந்துபோகும். இந்த ஒளிப்பூச்சின் கதையைச் சற்று நின்று கேட்கவேண்டும். ஏனெனில் பழைய கடிகாரங்களின் மெய்யும் பொய்யும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கின்றன.

முதலில் பயன்பட்டது ரேடியம். ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக ஸல்ஃபைடு என்னும் பொடியின்மேல் பட, அந்தப் பொடி ஒளி வீசும். ரேடியம் தன் சக்தியில் பாதியை இழப்பதற்கு ஏறத்தாழ 1,600 வருஷங்கள் ஆகும். ஆனால் இடைவிடாத கதிரடியில் அந்தப் பொடியோ சில பத்து வருஷங்களில் தளர்ந்து, ஒளி வீசும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆகவே ஐம்பதுகளின் டயல் ஒன்று இன்று இருளில் கறுத்துக் கிடந்தாலும், அதிலுள்ள நஞ்சு அன்றிருந்தபடியே இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து ஆரஞ்ஜ் நகரில், தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கி டயல்களுக்கு ரேடியம் தீட்டிய இளம் பெண்கள், தாடையெலும்பு சிதைந்து மாண்டதும், எஞ்சியவர்களில் ஐவர் வழக்குத் தொடுத்து 1928-இல் நிவாரணம் பெற்றதும் உலகறிந்த துயரம். இந்தக் கடிகாரங்களின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்களை நினையாமல் பேசக்கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில் ரேடியம் கைவிடப்பட்டு டிரிட்டியம் வந்தது. அதன் கதிர் கண்ணாடியைக்கூடத் தாண்டாத அளவு மெலிந்தது. அதன் சக்தி பாதியாவதற்கு 12 வருஷமும் சில மாதங்களும் போதும். 1965-இல் தீட்டிய டிரிட்டியத்தில் இன்று ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். டயலின் அடிவிளிம்பில் ஸ்விஸ் என்ற சொல்லின் பக்கத்தில் காணப்படும் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து இந்த டிரிட்டியத்தைக் குறிப்பதே. தொண்ணூறுகளில் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனியார் கதிரியக்கம் சிறிதும் இல்லாத ஒளிப்பொடியைக் கண்டுபிடித்த பின், சில வருஷங்களுக்குள் டிரிட்டியமும் கடிகாரத் தொழிலிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றது.

இப்போது, அறுபதுகளிலோ எழுபதுகளிலோ தன் ஸப்மரீனரைப் பழுதுபார்க்கக் கொடுத்த ஒரு மூழ்குநரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது, அடுத்த முறை இறங்கும்போது நம்பத்தக்க கடிகாரம். பட்டறையில் இருந்தவர், ஒளி அவிந்த ரேடிய டயலையும் முட்களையும் கழற்றி, நல்ல டிரிட்டியம் தீட்டிய புதியவற்றைப் பொருத்தினார்; வெளுத்த வளையத்தை எடுத்துவிட்டுக் கறுத்த வளையத்தை அழுத்தினார்; கேஸின் கீறல்களை மெருகுச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கினார்; கழற்றியவற்றைக் குப்பையில் போட்டார். அவர் செய்ததில் குற்றம் ஏதுமில்லை. உயிர் காக்கும் கருவியை உயிர் காக்கும் நிலையில் வைப்பதே அவருடைய தர்மம். கோயில் திருப்பணி என்று கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பு பூசியவர்களும் பக்தியினாலேயே பூசினார்கள். எழுத்து மறைந்தது அவர்கள் எண்ணிச் செய்ததன்று. நேர்மையான கவனிப்பே சாட்சியங்களை அழித்துவிட்டது என்பதுதான் இந்தக் கடிகாரங்களின் சரித்திரத்திலுள்ள பெருஞ் சோகம்.

படைகளில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அமெரிக்கக் கடற்படைக்காக, ஆலன் டோர்னெக் என்னும் வியாபாரியின் வழியாக, ஃபிஃப்டி ஃபாதம்ஸின் ஒரு வகை டோர்னெக்-ரேவில் என்ற பெயரில் அறுபதுகளில் வாங்கப்பட்டது. கதிரியக்கப் பொருள் உள்ளது என்றும், கண்டெடுத்தவர் அருகிலுள்ள படைத்தளத்தில் ஒப்படைக்கவேண்டும் என்றும் அதன் பின்மூடியிலேயே பொறித்திருந்தார்கள். பணி முடிந்த பின் அவற்றுள் பெரும்பாலானவை கதிரியக்கக் கழிவுகளோடு சேர்த்து அழிக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தவை மிகச் சிலவே. பிரிட்டிஷ் விமானப்படையின் மார்க் 11 கடிகாரங்களின் ரேடிய டயல்களும் படையின் பட்டறைகளில் டிரிட்டியத்துக்கு மாற்றப்பட்டு, வட்டத்துக்குள் ‘டி’ எழுத்துப் பெற்றன.

பின்னர் வந்தது பெருவெள்ளம். 1969 டிசம்பர் 25-ஆம் தேதி ஸெய்கோ குவார்ட்ஸ் அஸ்ட்ரான் என்னும், முறுக்கு வேண்டாத தன் மின்கலக் கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அத்தகைய கடிகாரங்களின் போட்டியால், அடுத்த பதினைந்து வருஷங்களில் ஸ்விட்ஸர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ 90,000-லிருந்து ஏறத்தாழ 30,000-ஆகக் குறைந்தது. மூடிய தொழிற்சாலைகளிலிருந்த அச்சுகளும் உறுப்புகளும் பழைய இரும்பின் எடைக்கு விற்கப்பட்டன. பிளாங்பேன் உறங்கிப்போய், எண்பதுகளின் தொடக்கத்தில் வேறு கைக்கு மாறியபோது, வாங்கியவர்கள் பெற்றது பெரும்பாலும் பெயர் ஒன்றையே. இந்த அழிவுக்கு நடுவே நின்ற ஒருவரை நான் வணக்கத்தோடு குறிப்பிட விரும்புகிறேன். லெ லோக்ள் நகரத்து ஸெனித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஷார்ல் வெர்மோ, முறுக்குக் கடிகார யந்திரங்களுக்குரிய அச்சுகளையும் கருவிகளையும் விற்றுவிடும்படி 1975-இல் மேலிடத்து உத்தரவு வந்தபோது, அவற்றை இரவுகளில் ஒவ்வொன்றாகச் சுமந்து சென்று மேல்மாடத்தில் ஒளித்து, எது எங்கே என்று குறிப்பும் எழுதி வைத்தார். எண்பதுகளில் அந்த ஸ்தாபனம் எல் பிரிமேரோ என்னும் தன் யந்திரத்தை மறுபடியும் செய்ய முடிந்தது அவருடைய அந்தக் குறிப்புகளால். அவர் காத்தது மூழ்குவோர் கடிகாரத்தை அன்று. எனினும் பழைய உறுப்புகளைச் சேர்த்து வைப்போர் அனைவருக்கும் அவரே முன்னோடி என்பேன்.

எழுபதுகளில் ஒரு மூழ்குநர் கைவிட்ட கடிகாரத்தைச் சரித்திரப் பொருளாகப் பார்க்கும் கண் எண்பதுகளின் இறுதியில்தான் திறந்தது. சேகரிப்போர் நூல்களையும் பழைய விலைப்பட்டியல்களையும் ஒப்பிட்டு, எந்த வருஷத்துக் கேஸுக்கு எந்த எழுத்து வடிவமுள்ள டயல், எந்த முள், எந்த வளையம் என்று வகுக்கத் தொடங்கினார்கள். அப்படி வகுத்தபோதுதான், டயல் என்பது எவ்வளவு நுட்பமான கைவேலை என்பதும் தெரியவந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் நடுப்பகுதி வரையிலும் செய்யப்பட்ட ஸப்மரீனர் டயல்களில் பொன்னிறமாகத் தோன்றும் எழுத்துகள், கறுப்பின்மேல் பொன் மையால் அச்சிட்டவை அல்ல. பித்தளைத் தகட்டில் எழுத்துகளை முதலில் காப்புப் பூச்சால் மூடி, மின்முறையில் கறுப்பு ஏற்றி, பின் அந்தப் பூச்சைக் களைந்தபோது அடியிலிருந்த பித்தளையே எழுத்தாக வெளிப்பட்டது. அதனால்தான் அவற்றின் விளிம்பு அத்தனை கூர்மையாக இருக்கிறது. அந்தக் கறுப்பு சில டயல்களில் வெயிலாலும் ரசாயனக் குறையாலும் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பழுதென்று கழற்றி எறியப்பட்ட அத்தகைய டயலுக்கு இன்று கடிகாரத்தின் மற்ற எல்லா உறுப்புகளையும்விட அதிக விலை கொடுக்கிறார்கள்.

இத்தகைய கடிகாரம் ஒன்றை நல்ல கைவினைஞர் எப்படிக் கையாளுகிறார் என்பதைச் சொல்லவேண்டும். முதலில் அவர் எதையும் துடைப்பதில்லை. உருப்பெருக்கியால் பார்த்து, கிடக்கும் நிலையிலேயே படமெடுத்துக்கொள்கிறார். ரேடியம் உண்டா என்று கருவியால் சோதித்து, உண்டென்றால் உதிர்ந்த தூள் மூச்சில் புகாதபடி முகத்தையும் மேசையையும் காத்துக்கொள்கிறார். பின்மூடியைத் திறந்தால், நாற்பது வருஷத்து ரப்பர் வளையம் தாரைப்போல் உருகிப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால், உப்பு நீர் அடியில் இருந்து அரித்த குழிகள் எஃகில் தெரியும். குழி ஆழமானால், ஒத்த எஃகை லேஸரால் உருக்கி நிரப்பி, பழைய மட்டத்துக்குச் சீவுகிறார்கள். யந்திரத்தை முழுவதும் பிரித்துக் கழுவி, தேய்ந்த அச்சையும் தளர்ந்த மெயின்ஸ்பிரிங்கையும் மாற்றி, ஒவ்வொரு கல்லுக்கும் உரிய எண்ணெயை உரிய அளவு இட்டு, பாலன்ஸ் சக்கரத்தின் வீச்சை யந்திரத்தில் அளந்து சரிபார்க்கிறார்கள். முள்ளின் நடுவே விண்டு நிற்கும் பழைய ஒளிப்பூச்சு உதிர்ந்து யந்திரத்துக்குள் விழுந்தால் மணலாக நின்று அரைத்துவிடும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிது பூசுவது எளிது. வல்லவரோ முள்ளைக் கவிழ்த்து வைத்து, பின்புறத்தில் பசைநீரைத் துளியாக இட்டு, பழையதைப் பழையதாகவே இறுகச் செய்கிறார். முடிவில், நீர்த் தொட்டியுள்ள அழுத்தச் சோதனைக் கருவியில், கடிகாரத்தை முதலில் நீருக்கு மேலே நிறுத்தி, காற்றழுத்தத்தை ஏற்றி, பின் நீருக்குள் இறக்கி அழுத்தத்தைத் தணிக்கிறார். உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் குமிழிகள் கிளம்பி, எந்த இடத்தில் கசிவு என்பதைக் காட்டிவிடும்.

கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக இருந்தபோது அதன் மேல்தளமும் பக்கமும் கூடும் இடத்தில் சாய்வாகச் சீவிய ஒரு மெல்லிய பட்டை ஓடியிருக்கும். மெருகுச் சக்கரத்தில் இரண்டு மூன்று முறை பட்டால் அந்தப் பட்டை மறைந்து, கேஸ் சவர்க்காரக் கட்டியின் வடிவத்தை அடைந்துவிடும். ஒருமுறை தேய்த்தெடுத்த எஃகு திரும்பி வராது. ஆகவே, மெருகு போடட்டுமா என்று கேட்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருப்பதே சேகரிப்போரின் முதற்கல்வி.

ஆனால் பூர்வீக உறுப்புகளின்மேல் கொண்ட இந்தப் பற்று எல்லை மீறும்போது புதிய தீங்குகளைப் பெற்றெடுக்கிறது. டயல் ஒன்று வேண்டும் என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கடிகாரம் பிரிக்கப்படுகிறது. அதன் எஞ்சிய உடல் போலி டயலோடு மற்றொருவர் தலையில் கட்டப்படுகிறது. தனித்தனியே மெய்யான உறுப்புகள் ஒன்றுசேர்ந்து, ஒருபோதும் இருந்திராத கடிகாரம் ஒன்று பிறக்கிறது. 2021-இல் ஜெனீவா ஏலத்தில் முப்பது லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் விலைபோன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டிச் செய்யப்பட்டது என்பது இரண்டு வருஷங்களுக்குப் பின் வெளிப்பட்டது. அது மூழ்குவோர் கடிகாரம் அன்றாயினும், எந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என் மனத்துக்குப் பட்ட நியாயம் இது: நீரைத் தடுக்கும் உறுப்பும் இயங்கும் உறுப்பும் தேய்வதற்கென்றே பிறந்தவை, அவற்றைப் புதுப்பிப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. டயல், முட்கள், வளையம், கேஸின் கோடுகள் ஆகியவை அந்தப் பொருளின் வாழ்க்கையைத் தம்மேல் எழுதிக்கொண்டவை; அவற்றைத் தொடாமல் விடுவதற்கே கைவினைஞருக்குக் கூலி கொடுக்கவேண்டும். 1975-இல் படைப் பட்டறையிலோ கம்பெனியின் பட்டறையிலோ மாற்றப்பட்ட டயலைக் கழற்றிவிட்டு, 1962-க்குரியது என்று எங்கிருந்தோ தேடிப் பொருத்துவதைத் திருத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த மாற்றமும் ஒரு மூழ்குநர் உயிரோடு மேலே வருவதற்காக நடந்தது, அதுவும் சரித்திரமே. உண்மையில் காணாமற்போன உறுப்புக்கு மட்டும், அதே காலத்து உறுப்பை, மாற்றியதென்று வெளிப்படையாகச் சொல்லிச் சேர்ப்பது தகும்.

இவ்வகைக் கடிகாரம் ஒன்று தகப்பனார் வழியிலோ பணம் கொடுத்தோ உங்கள் கைக்கு வந்திருக்குமானால், அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்காதீர்கள். 1960-இன் எஃகும் இன்றைய ரப்பரும் அந்தச் சோதனைக்கு மறுபடி ஆளாகவேண்டியதில்லை. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, கழற்றிய ஒவ்வொரு உறுப்பையும், அது எவ்வளவு பயனற்றதாகத் தோன்றினாலும், திருப்பித் தரும்படி கேளுங்கள். அதைச் சிறு உறையிலிட்டு, எந்தத் தேதியில் யார் எதற்காக மாற்றினார் என்று கையால் எழுதி, கடிகாரத்தோடு கூடவே வையுங்கள். விற்கும் நாள் வந்தால் அந்த உறையையும் சேர்த்துக் கொடுங்கள்.